உலர்த்தும் செடி கறுத்துப்போவது ஏன்?

கேள்வி: தாவரவியலை நானாகவே படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பறித்த செடிகளைத் தடித்த புத்தகத்துக்குள் வைத்தால் நாலைந்து நாளில் கறுத்து, பூஞ்சணம் பூத்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு அந்தப் புத்தகத்தில்தான். வழவழப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது, மூடிய பக்கங்களுக்குள் காற்றும் புகாது. பறித்த செடியின் செல்கள் உடனே சாவதில்லை. அவை மெல்ல மெல்லச் சிதையும்போது, நறுக்கிய ஆப்பிளில் நடப்பது போலவே, நொதிகள் ஃபீனால் பொருள்களை ஆக்சிஜனேற்றி நிறத்தைக் கெடுக்கின்றன. ஈரம் சீக்கிரம் போனால் நிறம் நிற்கும்.

செய்தித்தாள் மடிப்பில் செடியைப் பரப்பி, மேலும் கீழும் இரண்டு மூன்று தாள்களும் காற்றோட்டத்துக்கு நெளி அட்டையும் வைத்து, இரு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்தால் செடி துவண்டிருக்கும். மடங்கிய இலைகளை நீவிவிட அதுதான் சமயம். ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியத் திருப்பி வையுங்கள். நரம்பும் ரோமமும் பெரும்பாலும் அங்கேதான் எடுப்பாகத் தெரியும். முதல் மூன்று நாலு நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் ஈரம் பாக்கி. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். சதைப்பற்றான தண்டையும் இலையையும் (பூவை அல்ல) கொதிநீரில் சில விநாடி முக்கித் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பலகைக்குள்ளேயே துளிர்விடும்!

எதைப் பறிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கூட்டிலையின் (ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட இலையின்) ஒரு சிற்றிலையை மட்டும் கிள்ளி வந்து அதை முழு இலை என்று எண்ணிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. கோண மொட்டு (இலை தண்டோடு சேரும் இடுக்கில் இருக்கும் மொட்டு) எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது இலைக்காம்பின் அடியில் இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. புல்லை வேரோடு எடுங்கள். பூக்கள் நிறைய இருந்தால் ஒன்றை நெடுக்குவாக்கில் பிளந்து வையுங்கள், சூற்பை (விதைகள் உருவாகும் பகுதி) இதழ்கள் ஒட்டியிருக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது பிற்பாடும் தெரியும்.

உலர்ந்ததும் 42 × 29 செ.மீ. அளவுள்ள கெட்டித்தாளில் ஒட்டலாம். அதற்கு முன் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சிகள் சாகும். குறிப்பை மட்டும் பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்: தேதி, இடம், மண், செடியின் உயரம், பூவின் நிறம், மணம், கிள்ளினால் பால் வடிகிறதா என்பது. கடைசி மூன்றையும் உலர்ந்த செடியில் தேடிப் பயனில்லை.