நீர் பிரியும் மாத்திரையும் தினம் ஒரு கருக்கும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. இதயம் பலவீனமாக இருப்பதால் ஸ்பைரனோலாக்டோனும், இரத்த அழுத்தத்திற்கு டெல்மிசார்டனும் சாப்பிடுகிறார். நீர் பிரியும் மாத்திரையால் சத்து போய்விடும் என்று சொல்லி, பக்கத்து வீட்டார் தினமும் கருக்கும் (இளநீர்) ஏத்தன் பழமும் (நேந்திரன்) கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: வேண்டாம். அவர்கள் சொல்வது ஃபுரோசமைடு போன்ற மாத்திரைகளுக்கு ஓரளவு பொருந்தும். அவை பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. ஸ்பைரனோலாக்டோனோ உப்பையும் நீரையும் வெளியேற்றிவிட்டுப் பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைக்கும். டெல்மிசார்டனும் அதற்குத் துணைபோகும். இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் அளவு மீறினால், முன்னறிவிப்பின்றியே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நம் ஊரில் தாகத்திற்குத் தண்ணீர்போல் குடிக்கும் கருக்கில், ஒரு தம்ளருக்கே சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது; ஏத்தன் பழத்திலும் அது நிறைய உண்டு. எப்போதாவது அரைப் பழம் சாப்பிடுவது வேறு, தினப்படி வழக்கம் வேறு.

பழத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, நல்லது என்று நினைத்து வாங்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை சிறுநீரகத்தைத் தளரச்செய்து இதே ஆபத்தைக் கூட்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-டிரைமாக்சசோல் எழுதப்பட்டால், அதுவும் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால், தந்தை சாப்பிடும் இந்த இரு மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் பரிசோதனை அண்மையில் செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.