வேர்ப் படத்தில் அளவு ஏன் மாறுகிறது?

கேள்வி: மக்காச்சோளத்தில் பாதி வயலுக்கு வேர் உட்பூசணம் (வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் மைக்கோரைசா) இட்டேன். இரு பக்கமும் செடிகளைப் பிடுங்கி, வேரைக் கைபேசியில் படமெடுத்து, மென்பொருளில் நீளம் பார்த்தேன். ஒரே வேரை இருமுறை எடுத்தாலும் அளவு மாறுகிறது. எதனால்?

பதில்: மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். கைபேசியைப் பிடிக்கும் உயரமும் சாய்வும் மாறினால் அளவும் மாறும். நிழல் விழுந்தால் அதையும் வேர் என்றே மென்பொருள் எண்ணும். வேரின் கோணம், தண்டைச் சுற்றிக் கிளம்பும் வேர்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கைபேசி போதும். மொத்த நீளத்துக்கு ஸ்கேனர்தான் சரி.

அதைவிடப் பெரிய இழப்பு, பிடுங்கியது. பிடுங்கினால் நீளத்தில் பெரும்பங்கான சல்லி வேர்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். தண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் 25 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டி இறக்கி, மண்கட்டியோடு தூக்குங்கள். களிமண்ணானால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். பிறகு 0.5 மி.மீ. சல்லடை மேல் வைத்து மெல்லிய நீரோட்டத்தில் அலசுங்கள். சல்லடையில் தங்கும் அறுந்த வேர்களும் கணக்கில் சேரவேண்டும். கறுத்துத் துவண்ட செத்த வேர், இலைத்தூள், வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வளர்ந்த செடியின் வேர் முழுவதும் ஸ்கேனரில் அடங்காது. தடித்த வேர், சல்லி வேர் எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டிக் கலந்து, ஈரம் ஒற்றி எடை போடுங்கள். அதில் ஒரு பங்கை மட்டும் ஸ்கேன் செய்து எடை விகிதத்தால் பெருக்கினால் போதும்.

ஸ்கேனர் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் அரை செ.மீ. தண்ணீர் விட்டு, வேர்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் சாமணத்தால் விரியுங்கள். குறுக்கே படிந்த இடங்களில் நீளம் குறைந்தே வரும்; நெருக்கமாக இருந்தால் இரண்டு தட்டாகப் பிரியுங்கள். தட்டின் மேல் மினுமினுப்பில்லாத கறுப்புத் தாளை வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் சாம்பல்நிறப் படமாக எடுங்கள். அப்போது ஒரு புள்ளி 0.042 மி.மீ. இதுவே 300 என்றால் 0.085 மி.மீ.; மெல்லிய சல்லிகள் துண்டு துண்டாகிவிடும், அல்லது மறைந்தே போகும். வேரை அளக்க இலவசமாகக் கிடைக்கும் ரைசோவிஷன் எக்ஸ்ப்ளோரர் மென்பொருளில் புள்ளி அடர்த்தியைக் கொடுத்து, படத்தை நிறம் புரட்டி (கறுப்பு வெளுப்பாக, வெளுப்பு கறுப்பாக) ஓட்டலாம். வேரையும் பின்னணியையும் பிரிக்கும் வெளிச்ச வரம்பு எல்லாப் படங்களுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். படத்துக்குப் படம் மாற்றினால் ஒப்பீடே பாழ்.

முதலில் 1 மீட்டர் மெல்லிய செம்புக் கம்பியை வெட்டிப் பரப்பி, 100 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேரைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: பூசணம் பற்றிய செடியில் வேர் நீளம் கூடியே தீரும் என்றில்லை. மண்ணில் பரவித் தேடும் வேலையைப் பூசண இழைகள் ஏற்பதால் குறையவும் கூடும். அந்த இழைகள் ஸ்கேனரில் தெரியாது. பூசணம் பற்றியதா என்பதே உங்கள் கேள்வியானால், சல்லி வேர்களை 50 சதவீத எத்தனாலில் போட்டு, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.