தொற்றுநோய் வந்தால் ஜனநாயக நாட்டில் அரசு இஷ்டத்துக்கு ஊரை அடைக்கலாமா?

இஷ்டத்துக்கு முடியாது, சட்டத்தில் இடம் வேண்டும். 2020 மார்ச் 18-ல் நம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, 1988-ம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கையில் இருந்தது, அதாவது நாடாளுமன்றம் ஏற்கெனவே கொடுத்து வைத்த அதிகாரம். அது சரி.

2021 ஜனவரி 12-ல் மாமன்னர் அறிவித்த அவசரகாலம் வேறு கதை. ஆகஸ்ட் 1 வரை அது நீடித்தது, ஜூலை 26 வரைக்கும் நாடாளுமன்றம் கூடவே இல்லை, இடையில் அவசரச் சட்டம் போட்டு, கட்டுப்பாட்டை மீறுவோருக்கான அபராதத்தை 1,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 10,000 வெள்ளி வரைக்கும் ஏற்றினார்கள், ஏன் என்று அவையில் எழுந்து கேட்க ஒருவருக்கும் வழியில்லை. இதைத்தான் நான் தவறு என்கிறேன்.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வேலை ஓடியது, ஆனால் டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தினக்கூலிக்குப் போன பெண்களுக்குச் சம்பளம் நின்றுவிட்டது. அந்த ஜூலையில் நாடெங்கும் உதவி கேட்டு வெள்ளைக் கொடி கட்டினார்களே, எங்கள் லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இரண்டு வாசலில் வெள்ளைத் துணி தொங்கியது. அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த வீடுகளைப் பற்றி அவையில் பேசத்தானே நாம் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறோம்?