வாசகர் கேள்வி-பதில்: வாசலுக்கு வரும் மெத்தடோன் வேன்

கேள்வி: அமெரிக்காவில் ஹெராயின், ஃபென்டனில் என்கிற போதை மருந்துகளின் பழக்கத்துக்கு வேனில் போய் மருந்து தருகிறார்களாமே, எப்படி? – வாசகர், ஈரோடு

பதில்: அந்த மருந்தின் பெயர் மெத்தடோன்; ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாகக் கொடுக்கும் மாற்று மருந்து. அங்கே இந்தச் சிகிச்சைக்கான மெத்தடோனை மருந்துக் கடையில் வாங்க முடியாது. உரிமம் பெற்ற மையத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஆரம்பத்தில் அநேகமாகத் தினமும். கார் இல்லாத கிராமத்துக்காரர் எத்தனை நாள் போவார்? அவருக்காகத்தான் வேன். புது வேன்களுக்கு 2007-இல் நிறுத்திய அனுமதியை மத்திய அரசு 2021-இல்தான் மறுபடி திறந்தது. இடையில் போன 14 வருஷங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

மருந்துப் பெட்டகம் வண்டியோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து கை எட்டாது. நர்ஸ் அடையாளம் பார்த்து, அன்றைய அளவை அளந்து ஊற்றுவார். அவர் கண்ணெதிரே குடித்து, மேலே தண்ணீரும் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்க வேண்டும். மருந்தை வாயில் அடக்கிப் போய் விற்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வேன் பஞ்சரானால், பனி கொட்டினால் சிக்கல். தொடர்ந்து மூன்று நான்கு நாள் மருந்து விட்டுப்போனால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே கொடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். அளவைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்குவார்கள். 2024 விதிப்படி முதல் இரண்டு வாரத்திலேயே 7 நாள் மருந்து வரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். வேன் நடத்துகிறவர்கள் இதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: புப்ரினார்ஃபின் மாத்திரை போட்டதும் சிலருக்கு நிலைமை மோசமாகிறதாமே? – வாசகி, திருச்சி

பதில்: இதுவும் மெத்தடோன் போல ஒரு மாற்று மருந்துதான். நிலைமை மோசமாவது அவசரப்பட்டுக் கொடுப்பதால் வருவது. ஹெராயின் மூளையில் உட்கார்ந்திருக்கும்போதே இதைக் கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும். ஆனால் பாதி வேலைதான் செய்யும். வாந்தி, பேதி, உடம்பு முறுக்கல் எல்லாம் ஒரேயடியாக வரும். கடைசியாக ஹெராயின் எடுத்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஃபென்டனில் மருந்து உடம்புக் கொழுப்பில் தங்குவதால் இன்னும் அதிகம் காத்திருக்க நேரும். கடிகாரத்தைவிட ஆளைப் பார்ப்பது நல்லது: கண்மணி விரிந்து, மூக்கு ஒழுகி, கொட்டாவி விட்டு, மயிர் சிலிர்த்திருந்தால் தொடங்கலாம். முதலில் 2 அல்லது 4 மில்லிகிராம். மாத்திரையை விழுங்கினால் பலன் மிகக் குறைவு; நாக்குக்கு அடியில் முழுதும் கரைய வேண்டும். அதுவரை பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. கரைந்ததும் வாய் கொப்பளித்து, பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பல் கெடும்.

கேள்வி: ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே இது? – வாசகர், மதுரை

பதில்: இல்லை. சரியான அளவில் இருப்பவர் கிறங்கிக் கிடப்பதில்லை, வேலைக்குப் போகிறார். குடும்பத்தார் இந்த எண்ணத்தில்தான் சீக்கிரம் நிறுத்தச் சொல்கிறார்கள்; நிறுத்திய முதல் சில வாரங்களில்தான் சாவு அதிகம். வருஷக் கணக்கில் தேவைப்பட்டாலும் கொடுக்கட்டும். நம் நாட்டில் போதையிலிருந்து மீள வழி கேட்க இலவசத் தொலைபேசி எண் 14446.