பிழிந்தெடுத்த தாய்ப்பாலோடு விமானம் ஏறும்போது: வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் வேலை நிமித்தம் பயணிக்கும் தாய்மார்களுடையவை. அதனால் பதில்களும் அந்த நாட்டு விதிகளை ஒட்டியே இருக்கின்றன.

கேள்வி: குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு மூன்று நாள் அலுவலக வேலையாகப் போகிறேன். திரும்பும்போது ஒன்றரை லிட்டர் பால் சேர்ந்திருக்கும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியைக் காட்டித் தடுப்பார்களா?

தடுக்கக் கூடாது. அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ, தாய்ப்பாலுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. குழந்தை உடன் வர வேண்டிய அவசியமும் இல்லை. பம்ப், ஐஸ் பேக், ஜெல் பேக் எல்லாவற்றையும் கைப்பையிலேயே கொண்டுபோகலாம்.

சோதனை தொடங்கும் முன்பே "தாய்ப்பால் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பாலைத் தனியே எடுத்துத் தட்டில் வையுங்கள். முடிந்தவரை ஒளி ஊடுருவும் பாட்டில்களில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பைகளில் இருக்கும் பாலைத் திரவ ஸ்கேனரால் சோதிக்க முடியாமல் போகலாம். அப்போது பையைத் திறக்கச் சொல்வார்கள். எக்ஸ்ரே பாலைக் கெடுக்காது. ஆனாலும் எக்ஸ்ரே வேண்டாம், திறக்க வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிலுக்கு உங்களையும் மற்ற உடைமைகளையும் கூடுதலாகச் சோதிப்பார்கள். அதற்காக அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

ஊழியர் தயங்கினால் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். டிஎஸ்ஏ விதிப் பக்கத்தின் படம் கைபேசியில் தயாராக இருக்கட்டும். பதற்றத்தில் நீங்களே பாலைக் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஹோட்டல் மினி ஃபிரிட்ஜை நம்பலாமா?

வெப்பமானி வைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். பானங்களுக்கான சிறு ஃபிரிட்ஜ் பல நேரம் 4 டிகிரிக்கு இறங்குவதே இல்லை. அந்த அளவில் நின்றால் புதுப் பால் நான்கு நாள் தாங்கும். 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம்தான். ஐஸ் பேக்குகளை ஹோட்டல் சமையலறை ஃப்ரீசரில் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகள் பாலைத் தொட்டபடி அடுக்கிய கூலர் பையில் பால் 24 மணி நேரம் தாங்கும். பையில் காலி இடம் விடாதீர்கள். அடிக்கடி திறக்கவும் வேண்டாம்.

கேள்வி: உறைந்த பாலைச் சுற்றி ஐஸ் கட்டி நிரப்பினேன். வீடு வருவதற்குள் இளகிவிட்டது. ஏன்?

உருகும் ஐஸ் பூஜ்ஜிய டிகிரியில் இருக்கும். உங்கள் பாலோ மைனஸ் 18 டிகிரியில் உறைந்தது. பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே, ஐஸ் கட்டி புதுப் பாலைக் குளிர்வாக வைக்கப் போதும். உறைந்த பாலை உறைந்தபடியே வைக்காது. அதற்கு ஃப்ரீசரில் கெட்டியாக உறைந்த ஜெல் பேக் அல்லது உலர் பனி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) வேண்டும். உலர் பனி ஒருவருக்கு 2.5 கிலோ வரைதான், அதுவும் விமான நிறுவனத்தின் அனுமதியோடு. பெட்டியை இறுக மூடவே கூடாது. உலர் பனியிலிருந்து வரும் வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டியை வெடிக்கச் செய்யும்.

பாலுக்குள்ளே ஐஸ் படிகம் மிச்சமிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க இளகிவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: லண்டன் வழியாகச் சென்னை போகிறேன். உறைந்த பாலைக் கையில் வைத்துக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் அனுமதிப்பார்கள், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். விமானம் மாறும்போது அங்கே மறுபடி சோதனை உண்டு. பிரிட்டிஷ் விதிப்படி உறைந்த தாய்ப்பால் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். திரவப் பால் என்றால் ஒரு பாத்திரத்துக்கு 2,000 மில்லி வரை, குழந்தை இல்லாமலும் கொண்டுபோகலாம். பெட்டி வழிதவறினால் பால் போய்விடும் என்பதால், இந்த வழியில் குளிர்ந்த திரவப் பாலைக் கையில் வைத்துக்கொள்வதையே பரிந்துரைப்போம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை 24 மணி நேரத்தைத் தாண்டுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பத்து மணி நேரப் பயணத்தில் பம்ப் செய்தே ஆக வேண்டுமா? எங்கே கழுவுவது?

செய்தே ஆக வேண்டும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல் வரை போகலாம், சுரப்பும் குறையும். பேட்டரி பம்ப் எடுத்துப் போங்கள். இருக்கை மின்செருகி வேலை செய்யாமல் போகலாம். கழிவறை அசுத்தம், வரிசையும் நிற்கும். துப்பட்டாவோ சால்வையோ போர்த்திக்கொண்டு, முடிந்தால் ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்தே எடுங்கள்.

விமானக் குழாய்த் தண்ணீரில் பாகங்களைக் கழுவாதீர்கள். எத்தனை முறை எடுப்பீர்களோ அத்தனை செட் ஃபிளேஞ்ச் (மார்பில் பொருத்தும் புனல்), வால்வு, பாட்டில் கொண்டுபோவதே பாதுகாப்பு. பயன்படுத்தியதைத் தனிப் பையில் போட்டு, இறங்கியபின் சோப்பும் வெந்நீரும் கொண்டு, தொட்டியில் நேரடியாக அல்லாமல் தனிக் கிண்ணத்தில் கழுவுங்கள். கழுவாத பாகத்தைக் குளிரில் வைத்து மறுபடி பயன்படுத்துவது இரண்டு மாதத்துக்குட்பட்ட, குறைமாதத்தில் பிறந்த, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பம்புக்கான பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். மின்கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை.