அடிவாரம் வரை வரட்டும்

அன்புள்ள அக்கா,

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பள்ளி விடுதியிலேயே தங்கியிருக்கிறேன். அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவோடு கொலுசுப் பட்டறை நடத்துகிறார். காதல்தான். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொண்டு, தையில் கல்யாணம் என்று பேச்சு நடக்கிறது.

போன வருடம் என்னைப் பார்க்க பஸ்ஸில் வரும்போது பாதி மலையில் அவருக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய்விட்டன. 'செத்துடுவேன்' என்று கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தோம். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அவர் மலைக்கு வரவில்லை. இப்போது டவுன் பஸ்கூட ஏறுவதில்லை. ஞாயிறுதோறும் நான்தான் இறங்கி வருகிறேன். 'எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?' என்று கேட்டு நாளெல்லாம் போன். நான் வகுப்பில் இருந்தால் பள்ளி அலுவலகத்துக்கே கூப்பிட்டுவிடுகிறார். சமாதானம் சொன்னால் அரை மணி நேரம்தான் தாங்குகிறது. நகைக்கடைக்காரர்களிடம் ஆர்டர் பேசுவதுகூட இப்போது நான்தான். அவர் அம்மா மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்' என்கிறார். அவரை விட எனக்கு மனமில்லை. ஆனால் களைத்துவிட்டேன். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம் அக்கா.

அன்புள்ள தங்கைக்கு,

'சமாதானம் சொன்னால் அரை மணி நேரம்தான் தாங்குகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் மாற்ற வேண்டியது அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால், பஸ்ஸில் அன்று அவருக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வண்டி ஏற ஏற காது அடைக்கும், வயிற்றைப் புரட்டும், தலை லேசாகச் சுற்றும். எல்லோருக்கும் வருவதுதான். ஏதோ கவலையிலோ தூக்கமில்லாமலோ இருக்கிற ஒருவருக்கு அதே தலைசுற்றல் 'எனக்கு என்னமோ ஆகுது' என்று படும். அப்படிப் பட்டதும் இதயம் வேகமாக அடிக்கும். அந்த அடிப்பே 'ஹார்ட் அட்டாக்தான்' என்பதற்குச் சாட்சியாகிவிடும். பயம் உடம்பைக் கிளப்ப, உடம்பு பயத்தைக் கிளப்ப, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும். இதைத்தான் 'பேனிக் அட்டாக்' என்கிறார்கள். இந்தச் சுழலை டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-இல் தெளிவாக விளக்கி எழுதினார். விரல் மரத்ததற்கும் காரணம் உண்டு. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால்தான் விரலும் உதட்டோரமும் மரத்துப்போகும். அவர் நடிக்கவில்லை, பலவீனமானவரும் இல்லை. வாசலில் கட்டிய நாய் திருடனுக்கும் குரைக்கும், தபால்காரருக்கும் குரைக்கும். அன்று வந்தது தபால்காரர்.

சிக்கல் அவர் இறங்கியதில் தொடங்கியது. இப்படி வரும் அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அப்புறம் தானாகவே வடியும். பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாலும் வடிந்திருக்கும். ஆனால் அவர் உச்சத்தில் இறங்கினார், இறங்கியதும் வடிந்தது. 'இறங்கினதாலதான் பிழைச்சேன்' என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. முதலில் மலை பஸ், அப்புறம் டவுன் பஸ், இப்போது நகைக்கடைக்காரர்களின் போன். தவிர்க்கத் தவிர்க்கப் பயத்தின் எல்லை பெரிதாகிக்கொண்டே போகும்.

உங்கள் சமாதானமும் அப்படித்தான் வேலை செய்கிறது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். 'ஒண்ணும் ஆகாது' என்று நீங்கள் சொன்னதும் அவர் மனசு ஆறுகிறது. 'அவள் சொன்னதால்தான் ஆறியது' என்று மூளை மறுபடி எழுதிக்கொள்கிறது. அடுத்த படபடப்புக்கு மறுபடி நீங்கள் வேண்டும். கடைக்காரர்களிடம் அவருக்காகப் பேசுவதும் ஞாயிறுதோறும் நீங்களே இறங்கி வருவதும் இதே கணக்கில்தான் சேரும். எல்லாம் அன்பினால் செய்வதுதான். நோய் அந்த அன்பைத் தின்று வளர்கிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி லெபோவிட்ஸ் பதற்றம் உள்ள குழந்தைகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார். அதில் பயிற்சி பெற்றோருக்கு மட்டும்தான். குழந்தையின் பயத்துக்கு வீடு வளைந்து கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லித்தருகிறார்கள். குழந்தைக்கே நேரடியாகச் சிகிச்சை தருவதற்கு ஈடான பலன் அதில் கிடைத்தது. உங்களவர் குழந்தை இல்லை, நீங்கள் அவருக்கு அம்மாவும் இல்லை. ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பயத்தை ஒப்புக்கொள்வது, கூடவே அவரால் தாங்க முடியும் என்ற நம்பிக்கையையும் சொல்வது. 'பயமா இருக்குன்னு தெரியுது. உன்னால இதைத் தாண்ட முடியும்னும் தெரியுது.' அவ்வளவு போதும். இதயம், ஈசிஜி என்று மறுபடி வழக்காட வேண்டாம்.

நாளையே போன் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். அது கொடுமை. அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 'பள்ளி நேரத்தில் எடுக்க மாட்டேன். சாயங்காலம் நானே கூப்பிடுவேன். ஆகாதில்ல என்று கேட்டால் ஒரு தடவைதான் பதில்' என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். முதல் சில நாள் அவருக்குப் பதற்றம் கூடும். அதைத் தாங்கிக்கொள்வதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலை. அலுவலகத்துக்குக் கூப்பிடுவது மட்டும் அன்றே நிற்க வேண்டும். உங்கள் வேலை உங்களுக்கு முக்கியம்.

எதிரிலேயே அந்த அலை வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்கும் கேள்வி இருக்கும். என் கணவருக்கும் இது உண்டு. அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு ஆடித் திருவிழாவில், கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குள் அவருக்கு வந்தது. மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை, விரல்கள் உள்பக்கம் மடங்கி விறைத்துவிட்டன. நாலு பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒரு பெரியவர் வலிப்பு என்று நினைத்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். கொஞ்சம் காற்று விடச் சொல்லி, சாத்தியிருந்த ஒரு கடைப் படியில் அவரை உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'அதேதான் வந்திருக்கு, போயிடும், நான் இங்கேதான் இருக்கேன்' என்றேன். அப்புறம் பேசவில்லை. அவர் காதில் விழுகிற மாதிரி நான் மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சும் நீண்டது, விரல் பிரிந்தது, தண்ணீர் கேட்டார். வீட்டுக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. வரிசையில் நின்று அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம். உச்சத்தில் ஓடாமல் வடியும்வரை அங்கேயே இருப்பது என்று மருத்துவர் சொல்லித்தந்திருந்தார். அதைத்தான் செய்தோம்.

மலைக்கும் அதே வழிதான். 20 வளைவையும் ஒரே நாளில் ஏற வேண்டாம். முதலில் கோரிமேடு வரை பஸ்ஸில் வரட்டும். அது பழகியதும் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சேலம் வரை போகாமல் அடிவாரத்தில் காத்திருங்கள், அங்கே டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் நண்பர் யாராவது வண்டி ஓட்ட, முதல் சில வளைவு ஏறி, படபடப்பு இறங்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பலாம். எந்தப் படி, எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் போனையும் இப்படியே ஒன்றிரண்டாகத் திருப்பிக் கொடுங்கள். தெரிந்த, நல்ல மாதிரியாகப் பேசுகிற கடைக்காரரிடம் தொடங்கட்டும்.

இதை நீங்கள் இருவர் மட்டும் செய்ய வேண்டியதில்லை. 'இதயத்தில் ஒன்றுமில்லை' என்று சொன்னவர்கள் மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை என்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகத் தயங்கினால் முதலில் 14416-க்குப் பேசட்டும். டெலி மானஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கிய சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், அதையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது. மாத்திரை எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம். இதற்கு வழக்கமாகத் தரும் மாத்திரை பலன் காட்டச் சில வாரம் ஆகும். முதல் நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து அவராகவே நிறுத்திவிடக் கூடாது. மெடிக்கலில் தெரிந்தவரிடம் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படித் தரும் சில மாத்திரைகளுக்கு உடம்பு அடிமையாகிவிடும். வாழவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது சொன்னால் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அவர் அம்மா கட்டிய கயிறு கையில் இருக்கட்டும். மகன் படும் பாட்டைப் பார்த்து அவருக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். அதற்காக அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போனால், நீங்கள் நூறு தடவை சொல்வதை அங்கே ஒரே தடவையில் கேட்டுக்கொள்வார்.

ஆனால் 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்யாணம் மருந்தில்லை. சொந்தபந்தம், கூட்டம், செலவு, புது வீடு என்று பதற்றம் கூடுவதற்கே அதில் ஆயிரம் காரணம் இருக்கிறது. பதற்றம் உள்ளவரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன், நானே அப்படி ஒருவரோடு நிறைவாக வாழ்கிறேன். தைக்குள் அவர் மருத்துவரிடம் போகிறாரா, ஒரு படியாவது தானாக ஏறுகிறாரா, உங்கள் களைப்பைப் பற்றி ஒருநாளாவது கேட்கிறாரா என்று பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் பயம் மிச்சமிருந்தாலும் தாராளமாகத் தேதி வையுங்கள். மருத்துவரிடமே போகமாட்டேன், நீ இருந்தால் போதும் என்றால் தள்ளிவையுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும். விடுதியில் நெருக்கமான ஆசிரியை யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். 14416-க்கு நீங்களும் பேசலாம், குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு.

இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள், மறைக்க இதில் ஒன்றுமில்லை. அவருக்கு ஏதாவது கேட்கத் தோன்றினால் அவரே எழுதட்டும். அவருக்குத் தானே பதில் எழுதுவதாக என் கணவர் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா