இரண்டு பள்ளி, ஒரே ஓவியம்: நடுவில் கோடு விழாமல் இருக்க

கேள்வி: நான் பள்ளி ஓவிய ஆசிரியை. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் 12 பேரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறேன். எல்லோருக்கும் 14, 15 வயது. அங்கே இருக்கும் 12 மாணவர்களோடு சேர்ந்து பெரிய ஓவியம் ஒன்று வரைய வேண்டும். நான்கு பிற்பகல்கள்தான், தினம் இரண்டு மணி நேரம். போன முறை ‘எங்கள் நாடு, உங்கள் நாடு’ என்று தலைப்பு வைத்தோம். இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அவர்கள் என்று ஒதுங்கி, கடைசியில் இரண்டு தனிப்படங்களாகவே முடிந்தது. மொழியும் தடை. இந்த முறை என்ன செய்யலாம்? படத்தை ஊருக்குக் கொண்டுவரவும் ஆசை.

பதில்: மொழியைக் குறை சொல்லாதீர்கள். கோடு போட்டது உங்கள் தலைப்புதான். ‘எங்கள் நாடு, உங்கள் நாடு’ என்றால் பிள்ளைகள் கொடியும் கோபுரமும் வரைவார்கள், நடுவில் கைகுலுக்கும் இரண்டு கைகள் வரும். அதை வரைய அடுத்தவர் துணை தேவையே இல்லை.

எதிரில் இருப்பவரைக் கேட்காமல் வரைய முடியாத ஒன்றைக் கொடுங்கள். நான் சொல்வது: வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி. உங்கள் மாணவர் ஒருவர், அவர்கள் மாணவர் ஒருவர் என்று ஜோடி. அவருடைய வழியை இவர் வரைய வேண்டும், இவருடையதை அவர். எந்தத் திருப்பத்தில் நாய் குரைக்கும், எங்கே பேருந்து நிற்கும் என்பதெல்லாம் எதிராளிக்குத்தான் தெரியும். சைகையிலோ கிறுக்கியோ கேட்டே ஆக வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. வரைபடத்துக்கு மேல், கீழ் கிடையாது. கேன்வாஸ் துணியை மேசைகள் மேல் விரித்து இரண்டு பக்கமும் நின்று வரையலாம். யாருக்கும் தலைகீழாக இருக்காது.

முதல் நாள் கேன்வாஸை வெளியே எடுக்கவே வேண்டாம். 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவுபோல விசித்திரமாகப் படைத்த கலைஞர்கள், ஒரு விளையாட்டு விளையாடினார்கள். தாளை மடித்து ஒருவர் தலையை வரைவார், அதைப் பார்க்காமலே அடுத்தவர் உடலை வரைவார், இன்னொருவர் காலை. அரை மணி நேரம் அதை ஆடட்டும். சிரிப்பு வரும், அதைவிட முக்கியமாக, தன் கோட்டை அடுத்தவர் கையில் விட்டுக்கொடுக்கப் பழகுவார்கள். அப்புறம் ஜோடியாக உட்கார்ந்து வழிகளைத் தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

அளவில் பேராசை வேண்டாம். போரின் கொடுமையைக் காட்டும் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியம் ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரம், 7.8 மீட்டர் அகலம். 1995இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பல நாட்டுச் சிறுவர்கள் அதே அளவில் அமைதி ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பதோ எட்டு மணி நேரம். ஒன்றரை மீட்டர் சதுரத் துணி இரண்டு போதும், பக்கத்தில் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் அங்கே கை நீட்ட முடியாது. மற்றவர்கள் வண்ணம் கலக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறி, இடமும் மாறட்டும்.

மறுபடியும் நடுவில் கோடா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒவ்வொரு வழியும் அந்த இடைவெளியை ஒரு முறையாவது தாண்ட வேண்டும். கடைசியில் பள்ளிக்கொரு துணி. எது எந்தப் பள்ளிக்கு என்று சீட்டுக் குலுக்கிப் பாருங்கள். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் சொன்னால் அழுகைதான்.

உண்மையான சண்டை வருவது வேறு இடத்தில்: ‘நான் வரைந்ததன் மேல் அவன் பூசிவிட்டான்.’ நான் இரண்டாம் நாளே விதியைச் சொல்லிவிடுவேன். மேலே சேர்க்கலாம், முழுதாக மறைப்பதானால் கேட்க வேண்டும். வார்த்தையில் கேட்க முடியாதே? ஒட்டுத்தாள் இருக்கிறது. வண்ணம் காய்ந்த பிறகு, ‘இதன் மேல் வரையலாம்’ என்றால் பச்சை, ‘தொடாதே’ என்றால் சிவப்பு. ஒருவருக்கு இரண்டு சிவப்புக்கு மேல் தராதீர்கள், இல்லையென்றால் துணி முழுக்கச் சிவந்துவிடும். ஆசிரியர்களும் தூரிகையைத் தொடக் கூடாது. கடைசி நாள் ‘கொஞ்சம் சரிசெய்கிறேன்’ என்று நாம் கை வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

வண்ணங்கள் ஐந்து, கூடவே வெள்ளை, அவ்வளவுதான். இருபத்துநான்கு கைகளின் வேறுபாட்டை ஒன்றாகக் கட்டிப்போடுவது இந்தச் சிக்கனம்தான்.

தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணம் போதும். மெல்லிய பூச்சு அரை மணிக்குள் தொடும்படி காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்துக்கு நாள்கணக்கில் ஆகும். வண்ணங்களை அங்கேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனும் ஸ்ப்ரே பெயின்ட்டும் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாது. கட்டர் கத்தி கைப்பையில் கூடாது.

திரும்பும்போது மரச்சட்டம் வேண்டாம், துணியைச் சுருட்டுங்கள், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி. உள்ளே வைத்துச் சுருட்டினால் பூச்சு நெருக்கப்பட்டுச் சுருக்கம் விழும். பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள குழாய் நல்லது. வெப்பத்தில் அக்ரிலிக் இளகி ஒட்டிக்கொள்ளும், அதனால் மேலே கேக் சுடும் தட்டில் விரிக்கும் சிலிக்கோன் பூசிய தாள் போடுங்கள். செய்தித்தாள் கூடவே கூடாது. கடுங்குளிரில் அதே பூச்சு விறைத்து வெடிக்கும். குளிரில் பயணம் செய்து வந்தால், அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்காதீர்கள்.

படம் எல்லோருக்கும் பொதுச் சொத்து. நாளைக்கு நாட்காட்டியில் அச்சிட நினைத்தால் இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். மாணவர் முகம் தெரியும் புகைப்படங்களுக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

சுருட்டுவதற்கு முன், இரண்டு துணிகளின் பின்பக்கத்திலும் 24 பேரும் ஜோடி ஜோடியாகப் பெயர் எழுதட்டும், அவரவர் எழுத்தில். மார்க்கர் வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சில் போதும்.